வாசலில் பூட்ஸ் இல்லை

அந்த இத்தாலிய ஊரில் எங்கள் கப்பல் மூன்று நாள் நின்றது. முதல் இரண்டு நாளைப் பற்றி யார் கேட்டாலும் சாப்பாட்டையும் மீனையும் பற்றிச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். மூன்றாம் நாளை இதுவரை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் முட்டாள்தனத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். போகட்டும், சொல்லித் தொலைக்கிறேன்.

ஊரின் பேரை விடுங்கள். ராயபுரத்தில் நான் அதைச் சொல்லும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு மாதிரி திருப்பிச் சொல்கிறார்கள். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. குண்டு விழுந்த வீடுகள் சில இன்னும் கூரையில்லாமல் நின்றன. நான் கப்பலில் பண்டாரி, அதாவது நம் ஆட்களுக்குச் சமைக்கிறவன். பேர் தேசப்பன். பிறந்தது காத்திவாக்கம் குப்பம். சண்டைக் காலத்தில் பெங்களூரில் இத்தாலியக் கைதிகளை வைத்திருந்த முகாமில் இரண்டு வருஷம் அடுப்படி வேலை பார்த்தேன். சோறு குழைந்தால் திட்டுவார்கள், குழையாவிட்டாலும் திட்டுவார்கள். திட்டித் திட்டியே அவர்கள் பாஷையை எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

என்னோடு ஊர் சுற்ற வந்தவன் காதர். தண்டையார்பேட்டைக்காரன், பாய்லருக்குக் கரி தள்ளுகிறவன். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். பாய்லர் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால்தான் திரும்புவான். வரும் வழியில் போர்ட் சையதில் அவனுக்கு ஒரு கடிதம் கிடைத்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பேர் வைக்க நீ வரவேண்டும் என்று அவன் பெண்சாதி சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதத்தை எத்தனை பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான் என்று கணக்கே இல்லை. இங்கே சரக்கு ஏற்றியதும் நேரே மெட்ராஸ்தான்.

முதல் நாள் சாயங்காலம் ஊருக்குள் போனோம். பெரிய கப்பல் அந்தத் துறைக்குள் நுழையாது என்று இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு கல் மேடையில் கட்டியிருந்தார்கள். எலுமிச்சம்பழம் ஏற்றும் மூன்று சக்கர மோட்டார் வண்டியில் ஒரு பெண் எங்களை ஏற்றிக்கொண்டாள். பேர் ரோசா. கூடைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம். மேட்டில் வண்டிக்கு மூச்சு முட்டியது, இறங்கித் தள்ளினோம்.

"உங்கள் ஊரில் எல்லாரும் யானையில்தான் போவீர்களாமே?" என்று கேட்டாள்.

"எங்கள் ஊரில் யானைக்கவுனி என்று ஓர் இடமே உண்டு. அங்கேயே யானை கிடையாது" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

கடற்கரையில் பேய்க்கணவாயை, அந்த எட்டுக்கால் பிராணியை, துணி காயப்போடுகிற மாதிரி கொடியில் போட்டிருந்தார்கள். ஒரு சின்னக் கடையில் நெத்திலியை மாவில் புரட்டிப் பொரித்துக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார்கள். கடைத் தரை பளபளவென்று இருந்ததால் நாங்கள் இரண்டு பேரும் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனோம். கடைக்காரன் எங்கள் காலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். மீனில் காரம் மருந்துக்கும் இல்லை. காதர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். என் அடுப்படி மிளகாய்த்தூள்.

"எப்படா எடுத்த?"

"உன்ன மாதிரி தூங்குமூஞ்சி பண்டாரி கீற கப்பல்ல எப்ப வேணா எடுக்கலாம் நைனா" என்றான்.

இரண்டாம் நாள் முழுக்க மழை. பளிங்குக் கல்லை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பலிலிருந்து பார்த்தால் ஊரில் ஒரே ஒரு கோபுரம்தான் மழைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து கரிமூஞ்சியோடு மேலே வந்த காதர் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு அது மேல ஏறணும் நைனா. நாலு மாசமா பாய்லர் மூஞ்சியையே பாத்துகினு கீறேன். வானம் இன்னா கலருன்னே மறந்து பூட்ச்சு."

மூன்றாம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல் புறப்பாடு. விடியற்காலையிலேயே மத்தியானச் சோற்றையும் ஆக்கி மூடிவிட்டுக் காதரோடு கிளம்பினேன். மழை விட்டு, கடற்காற்று காதைப் பிய்த்தது.

அந்தக் கோபுரம் ஊர் நடுவிலிருந்த ஒரு பழைய கட்டடத்தின் தலையில் இருந்தது. அவர்கள் வைத்த பேரைத் தமிழில் சொன்னால் ஜனங்களின் அரண்மனை. ராஜாவுக்குக் கட்டியது இல்லை. அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஊர்க்காரர்களே கல் சுமந்து கட்டி, பஞ்சாயத்து, வரி, வழக்கு, சிறை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டார்களாம். நம் ஊர் கார்ப்பரேஷன் கட்டடத்துக்குள் போனால் எனக்குக் கால் தானாக ஓரமாக நடக்கும். இங்கே என்னடாவென்றால் கிழவிகள் கீரைக்கூடையோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்து வம்பளந்துகொண்டிருந்தார்கள்.

கீழே ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வளைவுகள். ஒரு தூணில் வெள்ளைக் கல் பதித்து, அதில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோடு வெட்டியிருந்தது. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு மீனின் பேர். அந்தக் கோட்டைவிடக் குட்டையான மீனை விற்றால் அந்தக் காலத்தில் அபராதம். குஞ்சு மீனை அள்ளக்கூடாது என்று கல்லிலே வெட்டி வைத்திருக்கிறான். நான் மீன்காரன் பெற்ற பிள்ளை. அந்தக் கல்லை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை.

அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே ஏலம் ஆரம்பித்தது. நம் கரையில் ஏலம் என்றால் எண்ணூருக்கே கேட்கும். இங்கே சத்தமே இல்லை. ஏலம் விடுகிறவன் ஒரு பெட்டிமேல் ஏறி நிற்கிறான். வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய் அவன் காதில் குசுகுசுவென்று விலையைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். எல்லாரும் சொன்னபிறகு அவன் ஓர் ஆளைக் கைகாட்டுகிறான், கூடை அவனுக்கு. அடுத்தவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது, யாரும் சண்டை போடவில்லை. எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"நீ மீன மோந்துகினு இரு. நான் மேல பாத்துட்டு வந்துடறேன்" என்றான் காதர்.

"சீக்கிரம் வா" என்றேன். தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஒவ்வொரு கூடையாக யாருக்குப் போகும் என்று எனக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொண்டு நின்றேன். மாதா கோவிலில் பன்னிரண்டு மணி அடித்ததும் மந்திரம் போட்ட மாதிரி எல்லாரும் கலைந்தார்கள். கூடை, பெட்டி, கிழவிகள், ஒன்றும் மிச்சமில்லை. சதுக்கத்தைப் பார்த்திருந்த அரண்மனையின் பெரிய கதவு சாத்திப் பூட்டியிருந்தது.

கதவுக்கு முன்னால் போய் நின்றேன். குனிந்து படிக்கட்டைப் பார்த்தேன். பூட்ஸ் இல்லை.

இதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. நம் ஊரில் செருப்பு வெளியே இருந்தால் ஆள் உள்ளே, செருப்பு இல்லையென்றால் ஆள் இல்லை. வெற்றிலைபாக்குக் கடைக்காரனைக் கேட்கவேண்டாம், கூப்பிட்டுப் பார்க்கவேண்டாம். காதர் நெத்திலிக் கடைக்கே பூட்ஸைக் கழற்றியவன். இவ்வளவு பெரிய இடத்துக்குக் கழற்றாமல் போவானா? பூட்ஸ் இல்லை, ஆகவே இறங்கி வந்து, என்னைக் கூட்டத்தில் காணாமல் கப்பலுக்குப் போய்விட்டான். இவ்வளவுதான் என் புத்தி வேலை செய்தது. நடந்தே கப்பலுக்குப் போனேன், சோறு தின்றேன்.

இரண்டு மணிக்கு ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். காதர் பேரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை.

எங்கள் ஆட்களுக்கெல்லாம் தலைவர் செரங்கு. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ரெண்டு பேராதான போனீங்க? நீ மட்டும் ஒண்டியா வந்துகீற?"

"முன்னாடியே வந்துட்டான்னு நெனச்சேன் பாய்."

"நெனச்சியா. நல்லா நெனச்ச. மூணே முக்காலுக்கு ஏணியத் தூக்கிடுவாங்க. அதுக்குள்ள வர்லன்னா, கப்பல உட்டு ஓடிட்டான்னு தொர எழுதிடுவான். அப்பால இங்க ஜெயிலு. அவன் கப்பல் புஸ்தகம் காலி. இனி எந்தக் கப்பலும் அவன ஏத்தாது." கொஞ்சம் நிறுத்தி, "புள்ள பொறந்துகீதேடா அவனுக்கு" என்றார்.

"நான் போய் இட்டாரேன் பாய்."

"நீயும் வர்லன்னா உனக்கும் அதே எழுத்துதான். தெரிஞ்சுகினு போ."

ஓடினேன். பாதி வழியில் ரோசாவின் வண்டி வந்தது. நான் கையை ஆட்டிய ஆட்டலில் பயந்தே நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டதும் வண்டியைத் திருப்பினாள். மேட்டில் அந்தச் சனியன் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றேபோனது. "நீ ஓடு, நான் இதைச் சரிபண்ணிக்கொண்டு சதுக்கத்துக்கு வருகிறேன்" என்றாள். மீதி வழியையும் ஓடினேன்.

சதுக்கத்தில் ஈ காக்கை இல்லை. ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. சாப்பிட்டுவிட்டு ஊரே தூங்குகிறது. கதவை இரண்டு கையாலும் குத்தினேன். நாலு விரல் கனத்துக்கு மரம், உள்ளே யாருக்குக் கேட்கும்? காதர் என்று கத்தினேன், என் குரலைக் காற்று அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு மாடி ஜன்னல் திறந்தது.

"திங்கட்கிழமை வா" என்றாள் ஒருத்தி.

"சாவி யாரிடம் இருக்கிறது?"

"காவல்காரர் பெப்பேயிடம். மூன்றாவது சந்து, பச்சைக் கதவு. ஆனால் அவர் தூங்குவார்."

பச்சைக் கதவைத் திறந்தது அவர் மனைவி. போப்பாண்டவரே வந்தாலும் இந்த நேரத்தில் எழுப்பமாட்டேன் என்றாள். பெங்களூர்க் கைதிகள் கற்றுக்கொடுத்த வார்த்தைகளில் நல்லது, கெட்டது எல்லாம் கலந்து சத்தமாகக் கொட்டினேன். அதில் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமுடியாது. உள்ளேயிருந்து வெறும் பனியனோடு ஒரு கிழவர் வந்தார்.

"உள்ளே யாரும் இல்லை. பூட்டுமுன் மூன்று தரம் கூவிவிட்டுத்தான் பூட்டினேன்" என்றார்.

"அவனுக்குக் காது கேட்காது."

"இருந்தால் கண்ணிலாவது பட்டிருப்பான்."

"பூட்ஸ் ஏதாவது பார்த்தீர்களா?"

அவர் முகம் கனிந்துவிட்டது. "ஓ, அதுவா. மாதாவுக்கு யாரோ மாலுமி காணிக்கை வைத்துவிட்டுப் போயிருந்தான். நான்தான் எடுத்து மாட்டினேன்."

அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன் என்றே சொல்லவேண்டும். முழங்கை நீளச் சாவியைப் போட்டு அவர் திருப்பிய நேரத்தில் நான் ஒரு சட்டி சோறு வடித்திருப்பேன்.

உள்ளே மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில் சுவரில் மாதா படம், முன்னால் எண்ணெய் விளக்கு. படத்தைச் சுற்றிலும் வெள்ளி இதயங்கள், மரத்தில் செய்த குட்டிப் படகுகள், ஓர் ஊன்றுகோல். புயலில் பிழைத்தவர்களும் நோயில் எழுந்தவர்களும் மாட்டியவை. நம் பக்கத்திலும் இதே வழக்கம் உண்டு, எனக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. நடுவில், கயிற்றால் முடிபோட்டு, காதருடைய பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. குதிகாலில் கரி.

"அது காணிக்கை இல்லை, ஐயா. அது ஆள்" என்றேன்.

கிழவருக்குப் புரியவில்லை. செருப்பு எப்படி ஆளாகும்? விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. வாய் ஏதோ பேசிக்கொண்டிருக்க, என் கை என்னை அறியாமல் என் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. விளக்கைப் பார்த்ததும் அவிழ்க்கிற கை அது. கழற்றி, படத்துக்குக் கீழே ஓரமாக வைத்துவிட்டு, படியில் வெறுங்காலை வைத்தேன். கிழவர் என் பூட்ஸைப் பார்த்தார், சுவரில் தொங்குவதைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினார்.

முதல் மாடியில் பெரிய சபைக்கூடம். சுவர் முழுக்கக் கப்பல்களும் குதிரைகளும் வரைந்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்த கல் ஆசனங்கள் தேய்ந்து பள்ளமாகியிருந்தன. வேறு நாளாக இருந்தால் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்து பார்த்தேன். அடுத்து சிறை அறை. ஓர் ஆள் நீட்டிப் படுக்கமுடியாத பொந்து. அதிலும் இல்லை. மறுபடி கீழே இறங்கி உப்புக் கிடங்கு. அந்தக் காலத்தில் ஊருக்கே உப்பு இங்கிருந்துதான் அளந்தார்களாம். சுவரை வழித்தால் இன்னும் விரலில் வெள்ளை ஒட்டுகிறது. எங்கள் காத்திவாக்கத்து உப்பளக் காற்று அடித்த மாதிரி இருந்தது. எனக்கு அங்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கப்பலின் சங்கு ஊதியது. புறப்பாட்டுக்கு முதல் சங்கு.

"கோபுரம்?" என்றேன்.

"அங்கே இருக்கமுடியாது. கோபுரக் கதவை நானே தாழ் போட்டேன். காற்றில் அடித்துக்கொண்டிருந்தது."

"தாழ் எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் ஓடினேன். ஒற்றை ஆள் அகலத்துக்குச் சுற்றிச் சுற்றிப் போகிற படி. எண்ணிக்கொண்டு ஏறியவன் நூறுக்குமேல் எண்ணவில்லை. தலைக்கு மேலே பலகைக் கதவு, இரும்புத் தாழ். தோள் கொடுத்துத் தள்ளினேன்.

ராட்சத மணிக்கு அந்தப் பக்கம், காற்றுக்கு ஒண்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு காதர் உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் கப்பலின் புகைமேல் இருந்தது. நான் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினான்.

"சாப்ட்டியா நைனா?" என்றான்.

அவனை ஓர் அறை விட்டேன். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"மணிய அடிச்சிருக்கலாம்ல?"

"அடிச்சா ஊரே கூடும், போலீஸ் வரும். போலீஸ் வந்தா அப்பால எந்தக் கப்பலு? நீ வருவன்னு இருந்தேன்." எழுந்திருக்க முயன்றவன் கால் மரத்துப்போய் என்னைப் பிடித்துக்கொண்டான். "நீ வந்த நைனா. பன்னெண்டு மணிக்கு. கதவாண்ட நின்ன. தொண்ட கிழிய கத்தினேன். நீ குனிஞ்சு பாத்துட்டுத் திரும்பிப் பூட்ட."

என்னால் அவன் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். "அத்த அப்பால பேசிக்கலாம், எறங்கு" என்றான்.

கீழே கிழவர் சுவர்ப் பூட்ஸை ஆணியிலிருந்து எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கவும் மனசில்லை, முடிச்சும் அவிழவில்லை. மாதாவிடம் மாட்டியதைத் திருப்பி எடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். நான் அதைக் காதரிடம் கத்திச் சொன்னேன்.

"மரியம் பீவிகிட்டயே இருக்கட்டும்னு சொல்லு. நான் வூடு போய்ச் சேந்தா போதும்" என்றவன் வெறுங்காலோடு வெளியே ஓடினான். என் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன்.

வாசலில் ரோசாவின் வண்டி நின்றது. இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு உருட்டியே விட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் எலுமிச்சம்பழம் கடலைப் பார்த்துப் பறந்தது. ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோது அவள் சொன்ன வார்த்தைகள் பெங்களூரிலேயே எனக்குப் பழக்கமானவை. கல்மேடைக்கு வந்தபோது ஏணியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டிருந்தார்கள். மேலே துரை பேனாவும் கையுமாக நின்றார். செரங்கு அவருக்கும் ஏணிக்கும் நடுவில் நின்று, கயிறு சிக்கிக்கொண்டதாக என்னவோ காட்டிக்கொண்டிருந்தார். சிக்கவேயில்லை. காதரைத் தூக்கி ஏணியில் போட்டேன், பின்னாலேயே நானும் தொற்றினேன்.

"வந்துட்டானுங்க தொர" என்றார் செரங்கு.

வழி முழுக்கக் காதர் வெறுங்காலோடுதான் வேலை செய்தான். பாய்லர் சூட்டுக்குச் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டான். என் பூட்ஸைக் கொடுத்தேன், சேரவில்லை. அந்தக் கோபுரத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். படுத்தால், மேலேயிருந்து ஒருத்தன் கத்துகிறான், கீழே நான் குனிந்து பார்த்துவிட்டு நடக்கிறேன்.

மெட்ராஸ் வந்து இறங்கிய மறுநாள் காலை, குழந்தையைப் பார்க்கத் தண்டையார்பேட்டைக்குப் போனேன். ரோசா வண்டியிலிருந்து என் சட்டைக்குள் வந்து சேர்ந்த ஓர் எலுமிச்சம்பழத்தை, சுருங்கிப்போயிருந்தாலும், காதருக்குக் காட்ட எடுத்துப்போனேன். சந்து, குழாயடி, அவன் வீடு. கதவு சாத்தியிருந்தது. என் கண் தானாகக் கீழே போயிற்று. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

ஆள் இல்லை, சாயங்காலம் வரலாம் என்று திரும்பிவிட்டேன். இரண்டு அடி நடந்திருப்பேன். அப்புறம்தான், அவன் பூட்ஸ் எங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது உறைத்தது.

திரும்பி வந்து கதவை இரண்டு கையாலும் இடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இடித்துக்கொண்டே இருந்தேன்.

கதவு திறந்தது. தோளில் குழந்தையோடு காதர் நின்றான்.

"எனக்குத்தான் காது கேக்காது நைனா, புள்ளைக்குக் கேக்கும். இப்பத்தான் தூங்கிச்சு" என்றான்.